இடது புருவம்

பிப்ரவரி 6, செவ்வாய்

செய்தி முடிந்ததும் தயாரிப்பாளர் ரம்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். திரையின் மூலையில் என் கட்டம் இனி இரண்டு மடங்கு பெரிதாகிறதாம். புதுக் கேமரா வருகிறதாம். "நல்ல விஷயம்தானே?" என்றேன். தலையைச் சொறிந்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கேமரா எதையும் மறைக்காது. கழுத்து, தாடை... கொஞ்சம் கவனிச்சீங்கன்னா நல்லாருக்கும். ஜூலையில புது ஒப்பந்தம் போடறாங்க."

பதினேழு வருஷமாகக் காது கேளாதவர்களுக்கு இந்தச் சேனலில் கையால் செய்தி சொல்கிறேன். என் கழுத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. ஐம்பத்து நாலு வயசில் கழுத்து வேற எப்படி இருக்குமாம்?

பிப்ரவரி 9, வெள்ளி

கீழ்வீட்டு ஹயாத்திடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மூக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, பிளாஸ்திரியோட நிச்சயதார்த்தத்துக்கே நின்னவ நான். நீ போய் இதுக்கு முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு! தோலுக்கடியில நூல் போட்டு முகத்த இழுத்துக்கோடி. மதியம் போனா சாயங்காலம் காப்பிக்கு வந்துடலாம்."

அவளும் நூல் போட்டுக்கொண்டவள்தான். சிரிக்கும்போது கன்னம் ஒரு நொடி தாமதித்து வருகிறது. ஹயாத்துக்குப் பரவாயில்லை, அவள் வாயால் பேசுகிறவள். எனக்கு முகம்தான் இலக்கணம். இரண்டு புருவமும் ஏறினால் கேள்வி. ஏறாவிட்டால், கை அதையே செய்தாலும் வெறும் வாக்கியம். ஒன்று மட்டும் ஏறினால் நக்கல். இது எழுதப் படிக்க வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தம்பி நபீஹ் பிறவியிலேயே காது கேளாதவன்.

பிப்ரவரி 15, வியாழன்

டாக்டர் ஷல்ஹூப். நல்ல மனுஷன். மூன்று வழி சொன்னார். ஒன்று ஹயாத்தின் நூல், ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். இரண்டாவது, தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வை மடித்துத் தைப்பது. மூன்றாவது, அந்தச் சவ்வுக்கும் கீழே போய் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குவது, கூடவே நெற்றியும்.

"மூணாவதுதான் இயல்பா இருக்கும், பத்து வருஷம் நிக்கும். ஆனா முகத்த அசைக்கிற நரம்பு பக்கத்துலயே ஓடுது. நூத்துல சில பேருக்குக் கொஞ்ச மாசம் மந்தமாகும். நிரந்தரமா போறது ரொம்ப அபூர்வம்."

ரொம்ப அபூர்வம்னா எத்தனை பேர்? அந்த அபூர்வத்துல ஒருத்தி நானா இருந்தா?

ஆல்பம் காட்டினார். முன்னால், பின்னால், முன்னால், பின்னால். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்க்கிறார்கள். "இவங்க பேசற மாதிரி வீடியோ இருக்கா?" என்று கேட்டேன். அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

பிப்ரவரி 17, சனி

மூன்றும் வேண்டாம் என்றால்? ஜூலை ஒப்பந்தம்.

பிப்ரவரி 22, வியாழன்

டாக்டர் மூன்று பெண்களிடம் அனுமதி வாங்கி, அவர்கள் பேசுவதைப் படமெடுத்து வைத்திருந்தார். அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு நபீஹும் வந்தான். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம்.

நூல் போட்டவளைப் பார்த்து, "இவ பொய் சொல்றா" என்றான். அவள் தன் பேரனைப் பற்றித்தான் பேசினாளாம், பாவம். மடித்துத் தைத்தவளைப் பார்த்து, "இவளுக்குப் பல்வலியா?" மூன்றாவது பெண் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் கேட்டபோது கேட்டாள், வருத்தப்பட்டபோது வருத்தப்பட்டாள். "இதான் முகம். இதப் பண்ணிக்கோ."

"நரம்பு போச்சுன்னா?"

"உனக்கெல்லாம் போகாதுக்கா. நீ பிடிவாதக்காரி."

டாக்டர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன், சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாகப் பேசும் முகம், நரம்பை உரசிப் போகும் வழியில்தான் கிடைக்குமாம். என்ன கொடுமை இது.

பிப்ரவரி 28, புதன்

கண்ணாடி முன்னால் தாடையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கவே அவமானமாகவும் இருக்கிறது. ரம்ஸிக்காகவா, எனக்காகவா? கொஞ்சம் எனக்காகவும்தான். சொல்லித் தொலைத்துவிட்டேன், போதுமா?

மார்ச் 3, சனி

மூன்றாவது வழி. தேதி வாங்கியாயிற்று.

மார்ச் 19, திங்கள்

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். முகம் பூசணிக்காய். ஹயாத் சூப் கொண்டுவந்தாள். நபீஹ் முகத்துக் கட்டைப் பார்த்து, "எகிப்து மம்மி எழுந்து வந்த மாதிரி இருக்கே" என்றான். அவனை அதட்ட முகத்தைச் சுளித்தேன். வலது பக்கம் மட்டும் வந்தது.

டாக்டர், "வீக்கம்தான், பொறுங்க" என்கிறார்.

ஏப்ரல் 18, புதன்

வீக்கம் போய்விட்டது. இடது புருவம் ஏறவில்லை.

மறுபடி மறுபடி பார்த்தேன். ஏறு. ஏறேண்டி. வலது ஏறுகிறது, இடது செத்த மாதிரி கிடக்கிறது. தெருவில் எல்லாரும் பத்து வயது குறைந்துவிட்டது என்கிறார்கள். காய்கறிக்காரன்கூட, "மேடம், வீட்டுல கல்யாணமா? இப்படி மின்னறீங்களே?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். ரம்ஸி கையைப் பிடித்துக் குலுக்கினான், "பிரமாதம்!" அத்தனை பேருக்கும் காது கேட்கும்.

ஜூன் 5, செவ்வாய்

இன்று ஒரு மந்திரி, "இந்தக் கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு வருமா? வராது" என்றார். அப்படியே சைகையில் சொன்னேன். கேள்விக்குப் புருவம் ஏற வேண்டும், ஒன்றுதான் ஏறியது.

காது கேளாதோர் சங்கத்தில் இரவுக்குள் அந்த வீடியோ நூறு பேருக்குப் போய்விட்டது. "விதாத் மந்திரியக் கிழிச்சுட்டா!" என்று என் பேரைச் சொல்லிக் கொண்டாட்டம். ரம்ஸிக்கு மந்திரி ஆபீசிலிருந்து போன். "மேடம், நக்கல் பண்ணீங்களா?" சத்தியமாக இல்லை என்றேன். நபீஹ் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 14, வியாழன்

ஒரு பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. நேரலை. "உள்ளே இன்னும் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?" என்று நிருபர் கேட்டாள். நானும் கேட்டேன். இந்தப் பாழாய்ப்போன முகத்தோடு.

ஜூன் 15, வெள்ளி

சங்கத்தின் வழியாக ஒரு பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள். அவளும் காது கேளாதவள், மகன் அந்தக் கட்டடத்தில் இருந்தவன். "என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்பது உனக்குக் கேலியா?"

அய்யோ. அய்யோ, அம்மா.

பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு ரம்ஸியிடம் போய், இனி திரையில் வரமாட்டேன் என்றேன். "அருமையா இருக்கீங்களே மேடம், இப்பப் போய்..." என்றான்.

ஜூன் 29, வெள்ளி

அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான். கால் முறிவு. அவள் எனக்கு வேறு ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 19, புதன்

ஆறு மாதம் ஆயிற்று. "இனிமே வர்றது கஷ்டம்தான்" என்றார் டாக்டர். அவர் கண்ணே கலங்கியிருந்தது, கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. காலையில் ரம்ஸி கூப்பிட்டு, சமையல் நிகழ்ச்சி நடத்தித் தருகிறீர்களா, முகம் திரைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது என்றான். போனை வைத்துவிட்டேன்.

மதியம் நபீஹ் வந்தான். பருப்பும் சோறும் சேர்த்து முஜத்தரா ஆக்கியிருந்தேன், சாப்பிட்டான். தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்: "நான்தானே அதப் பண்ணச் சொன்னேன். என் மேல கோவமாக்கா?"

"இல்லடா" என்றேன்.

சைகையில் பேசுகிறவர்கள் எதிராளியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், கை ஓரக்கண்ணில் தானாகத் தெரியும். ஐம்பது வருஷமாக நபீஹ் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறான். இன்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி சொன்னேன், இல்லை. அவன் பார்வை கையிலேயே இருந்தது. பிறகு அதையே விரல்களால், முகம் தேவைப்படாத எழுத்துகளில், ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னேன்.