தை வரைக்கும் காவல்

1896 ஆகஸ்ட் 11, செவ்வாய்

கடைவாய்ப் பல் இன்றும் விடவில்லை. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நேற்று அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றைக் காவல்காரன் பேச்சிமுத்து ஓட்டிவந்து கட்டினான். கட்டிவிட்டுச் சும்மா போவானா? "கோம்பை எல்லை வரைக்கும் போயிருச்சு அய்யா. வேற காவக்காரனா இருந்தா இந்நேரம் கறிக்குப் போயிருக்கும்" என்று தொடங்கினான். அவன் பிடித்த திருடர்கள், அவன் குரல் கேட்டாலே நின்றுவிடும் மாடுகள் என்று மோர்ச் செம்பு காலியாகும் வரை அளந்தான். பாதி பொய். ஆனாலும் கன்று வந்துவிட்டது.

இவன் குடும்பத்தைப் பாட்டன் காலத்தில் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் கள்ளநாட்டிலிருந்து, காவலுக்கென்று எங்கள் ஊரே அழைத்துவந்து குடிவைத்தது. இப்போது மூன்று வீடு. ஊரார் இன்னமும் 'கிழக்கத்தியார்' என்றுதான் சொல்கிறார்கள். பேச்சிமுத்து கிழக்கே போனதே கிடையாது. தை அறுப்பின்போது வயலுக்கு ஒரு கட்டுக் கதிர் முன்னதாகவே வாங்கிக்கொள்வான். அடுத்த தை வரைக்கும் ஊர் மாடும் விளைச்சலும் அவன் பொறுப்பு.

அவன் மனைவி சங்கிலியம்மாள் கர்ப்பமாக இருக்கிறாள். ஆண் பிள்ளையாம். அதையும் அவனே முடிவு செய்துவிட்டான்.

ஆகஸ்ட் 13

சின்னமனூர்ச் சந்தையில் கொலை. மாடு வாங்க வந்த கிழக்கத்தி ஆள் ஒருவன், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது தகராறாகி, ஒரு சம்சாரியைக் குத்திவிட்டான். செத்தவருக்குச் சிறு பிள்ளைகள். குத்தியவனை அங்கேயே பிடித்துக் கட்டிப் போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள்.

காலையில் குத்தியவன் ஒருவன். மத்தியானம் மூன்று பேர். விளக்கு வைக்கும் நேரத்தில் 'கிழக்கத்தியார் குத்திவிட்டார்கள்' என்று ஆகிவிட்டது. அவன் பெயர் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் உபதேசியார் அமிர்தராஜ் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். பக்கத்து ஊர்களில் 'பண்டு' கட்டுகிறார்களாம். வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று ஒரு பொதுக் குதிரில் போடுவது, மாடு களவுபோனால் அதிலிருந்து ஈடு கொடுப்பது, இனிக் காவல்காரன் வேண்டாம்.

யோசனையில் தப்பில்லை. காவல்காரர்களிலும் களவாணிகள் உண்டு. தாமே மாட்டை ஓட்டிப்போய், தாமே துப்புச் சொல்லி, கூலியும் வாங்கியவர்கள் உண்டு. வேண்டாமென்றால் ஊர் நிறுத்திவிடட்டும். ஆனால் பண்டு கட்டிய ஊர்களில் அன்றைக்கே காவல்காரர்கள் கூரைக்கும் தீ வைத்திருக்கிறார்கள். குதிர் கட்டுவதற்கும் கூரை கொளுத்துவதற்கும் என்ன சம்பந்தம்?

"நம்ம வேதக்காரக நாலஞ்சு வீடுதான். நீங்க வாயைத் திறக்காதீக" என்றார் உபதேசியார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து பிழைத்தவனிடம் வந்து சொல்கிறார்.

ஆகஸ்ட் 20

சாவடியில் கூட்டம். நடுவில் மணியக்காரர் பொம்மையா. என்னிடம் படித்தவன்தான். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் என்னை அழவைத்தவன். இன்று ஊரையே கழிக்க உட்கார்ந்திருக்கிறான்.

எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த வழியில் ஓர் உதாரணம் சொன்னேன். "எனக்கு ஒரு பல் வலிக்கிறது. அதைப் பிடுங்குவேனா, எல்லாவற்றையும் பிடுங்குவேனா?"

"ஒங்களுக்கு மிச்சம் இருக்கறதே அந்த ஒண்ணுதான வாத்தியாரே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கியதும் பொம்மையா கேட்டான்: "பள்ளிக்கூடத்துல ஒருத்தன் பேசுனதுக்கு வகுப்பு முச்சூடும் வெயில்ல முட்டி போட வச்சீகளே, அது மட்டும் எந்தக் கணக்கு?"

"அது எனக்கு முன்னிருந்த வாத்தியார். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை."

"ஏதோ ஒரு வாத்தியார்" என்றான்.

சாவடியே சிரித்தது. என் ஆயுளில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 'பார்த்தாயா பொம்மையா, இதைத்தான் சொல்கிறேன்' என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

முடிவு: அமாவாசைக்குள் மூன்று வீடும் ஊரைவிட்டுப் போகவேண்டும். அவர்களுக்கு நெருப்பு, தண்ணீர், உப்பு கொடுக்கிறவர்களையும் ஊர் விலக்கிவைக்கும்.

ஆகஸ்ட் 22

மற்ற இரண்டு வீட்டாரும் சட்டிபானையோடு போய்விட்டார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள். பேச்சிமுத்துவோ கூரைக்குப் புதுக் கீற்று வேய்கிறான். "என்னடா இது?" என்றால், "மழைக்காலம் வருதுல்ல அய்யா" என்கிறான். இந்த ஊரில் யாருக்குத்தான் சொன்னால் புரிகிறது?

செப்டம்பர் 8

இன்று மாதா பிறந்த நாள். கோயிலிலிருந்து திரும்பும்போதே புகை.

கொளுத்திவிட்டார்கள். பட்டப்பகலில். கைதட்டிக்கொண்டு. பாதிப்பேர் என்னிடம் அரிச்சுவடி படித்த பயல்கள் — படுபாவிப் பயலுக, வயித்துப் பிள்ளக்காரி உள்ள இருக்கான்னு தெரிஞ்சுதானடா வச்சீக? அவள் கொல்லைப் பக்கத்துத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாளாம். அந்தப் புதுக் கீற்று இன்னும் காயவில்லை. அதனால்தான் அவ்வளவு புகை.

எங்கள் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பாறை இடுக்கில் தங்கியிருக்கிறார்கள். அது ஊர் எல்லைக்கு வெளியே. கட்டளையை மீறவில்லையாம். இவன் ஒருவன்தான் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறான்.

செப்டம்பர் 15

என் மனைவி ஆரோக்கியம்மாள் தினமும் அவள் தாயின் கல்லறைக்குப் போய் உப்பும் மிளகும் வைத்துவிட்டு வருகிறாள். கல்லறைத் திருநாளில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஊராருக்கு அது தெரியாது. வேதக்காரர் சடங்கு ஏதோ என்று விலகிப் போகிறார்கள். உபதேசியாருக்குத் தெரியுமே. வழிமறித்துக் கேட்டிருக்கிறார்: "திருநாளுக்கு இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கே, ஆரோக்கியம்?"

"எங்க ஆத்தா கேக்குறா. நேத்து சோத்துல உப்பு இல்லையாம்" என்றாளாம் இவள்.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. பானையில் அரிசி குறைந்திருப்பதையும் கேட்கவில்லை.

அக்டோபர் 6

பேச்சிமுத்துவை விடியற்காலையில் வயல் ஓரத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பழிவாங்க வந்து பார்க்கிறான், விளைந்ததும் கொளுத்துவான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கல்லறைத் தோட்டத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, ஒன்னைக் கொன்னுபோடுவாக. எதுக்கு அங்கன போற?"

"கதிர் வாங்கியிருக்கேன்ல அய்யா."

"காவல் வேண்டாம்னு ஊரே சொல்லியாச்சு."

"வீடு இல்லைன்னாக, வந்துட்டேன். கெணறு இல்லைன்னாக, ஓடையில குடிக்கேன். தையில வாங்குன கதிரைத் திருப்பிக் கேட்டாகளா? கேக்கல. நாங்க தின்னும் முடிச்சாச்சு. அப்ப வர்ற தை வரைக்கும் காவல் என்னுதுதான்."

"அதைப் போய்ப் பொம்மையாகிட்ட சொல்லு."

"அவருக்குத் தெரியாதா என்ன? அவருதான எடுத்துக் கொடுத்தாரு."

இப்படி ஒரு பிடிவாதம். ஊர் ஒரு பக்கம் முட்டாள், இவன் ஒரு பக்கம் முட்டாள், நடுவில் நான் உதாரணம் தேடிக்கொண்டு அலைகிறேன். போய்த்தொலையேன்டா என்று கத்திவிட்டு வந்தேன்.

அக்டோபர் 27

காலையில் உப்பு வைக்கப் போனவள் ஓடிவந்தாள். "வாங்க. எங்க ஆத்தா கல்லறை மேல பேச்சிமுத்து கெடக்கான்."

நேற்றிரவு பொம்மையாவின் சோளக்கொல்லைக்குள் தீப்பந்தத்தோடு நின்றானாம். மறைந்து பார்த்திருந்தவர்கள் கொளுத்தத்தான் வந்தான் என்று பாய்ந்துவிட்டார்கள். வலது முன்கை எலும்பு இரண்டாகிவிட்டது. முகம் அடையாளம் தெரியவில்லை.

"பன்னி அய்யா" என்று மட்டும் சொன்னான். "குட்டியும் குருமானுமா வந்திருச்சு."

உத்தமபாளையத்துக்குப் போகிற ராவுத்தர் ஒருவரின் வண்டி வந்தது. யார், எந்தச் சாதி என்று அவர் கேட்கவில்லை. "கையைத் தூக்கிப் பிடிச்சுக்க" என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். அப்படியே போலீஸ் ஏட்டிடம் போனேன். "எந்த ஊர்ல நடக்கல வாத்தியாரே? எல்லாத்தையும் எழுதுனா இங்கன மை பத்தாது" என்றார்.

அக்டோபர் 29

சோளக்கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கிழக்கு ஓரம் முழுக்கப் பன்றி உழுதிருக்கிறது. குளம்புத் தடம் குழந்தைக்குக்கூடத் தெரியும். பொம்மையா வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தாயா?"

"பாத்தேன்."

"பிறகு?"

"பாத்தது அடிச்சதுக்கப்புறம் வாத்தியாரே."

ஊரில் சொல் என்றேன். சோளத்தட்டை ஒன்றை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான்: "அடிச்சது தப்புன்னு இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு வீட்டைக் கொளுத்துனதும் தப்புன்னு ஆகும். அப்புறம் சாவடியில பேசுனது, பண்டு கட்டுனது... எங்க போயி நிக்கிறது? விடுங்க."

கழிக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தேனே. கணக்கு நன்றாகத்தான் போடுகிறான்.

நவம்பர் 10

சவரத்துக்கு ஆள் வரவில்லை. துணி வெளுக்கவும் வரவில்லை. ஆக, விலக்கில் என்னையும் சேர்த்தாயிற்று. உபதேசியார் என்னைக் கண்டால் வேப்பமரத்தைப் பார்க்கிறார்.

டிசம்பர் 19

பாறை இடுக்கில் சங்கிலியம்மாளுக்குப் பிரசவம். ஆரோக்கியம்மாள்தான் பக்கத்தில் இருந்தாள். பெண் குழந்தை. "ஆம்பளப் பிள்ளைன்னியே" என்று கேட்டாளாம். "அடுத்ததைச் சொன்னேன் ஆத்தா" என்றானாம். கட்டோடு இருக்கிற கையை வைத்துக்கொண்டு. இவனை என்ன செய்வது?

கை நேராகக் கூடவில்லை. கோணலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் வயல் ஓரம் போகிறான். இடது கையில் கம்பு. பந்தம் மட்டும் இல்லை.

1897 ஜனவரி 28, வியாழன்

பொம்மையாவின் களத்தில் நெல் அடிப்பு. எல்லோரும் இருக்கும்போதே, நல்ல வெயிலில், பேச்சிமுத்து நேரே நடந்து வந்தான். பின்னால் குழந்தையோடு சங்கிலியம்மாள், தலையில் ஒரு மூட்டை. சிலர் அரிவாளைத் தேடினார்கள். அவன் களத்தின் ஓரத்தில் நின்றான்.

"தை வந்திருச்சு. பன்னி தின்னது போக ஒரு கதிர் கொறையல. ஒரு மாடு போகல. காவலை ஒப்படைச்சுக்கங்க" என்று காவல் கம்பைக் களத்தில் வைத்தான்.

அடித்துக்கொண்டிருந்த கதிர்க் கட்டை ஒருவன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பொம்மையா கம்பைத் தொடவில்லை, நிமிரவும் இல்லை. "சரி" என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஏலமலைக்குப் போகிறார்கள். தோட்டத்தில் எடுத்துக்கொள்வார்களாம். ஒற்றைக் கைக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆரோக்கியம்மாள் உப்புப் பொட்டலத்தைக் குழந்தையின் துணிக்குள் செருகினாள். ஊர் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

பிப்ரவரி 17

சவரத்துக்கு ஆள் வந்தான்.

மார்ச் 9, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று. ஆனால் இன்று இரவு வெளியே போகவேண்டும்.

ஆற்றில் புதிதாக வந்த பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இரண்டாம் போகம் வைத்திருக்கிறார்கள். காவலுக்கு ஆள் இல்லை. வீட்டுக்கு ஓர் இரவு முறைக்காவல் என்று வைத்தார்கள். ஆள் போதவில்லை. போதாமல் போனதும் நானும் ஊராள் ஆகிவிட்டேன். இன்று எங்கள் வீட்டு முறை.

சாயங்காலம் பொம்மையா வந்தான். அந்தக் கம்பை வாசலில் சாத்தினான். இத்தனை நாள் களத்து மூலையில் கிடந்ததாம், எறியவும் ஒருவருக்கும் கை வரவில்லையாம். போகாமல் நின்றான்.

"பந்தம் மட்டும் கொளுத்தாதீக வாத்தியாரே. இங்கன யாரும் இப்ப கொளுத்துறதில்ல. தூரத்துல இருந்து பாக்குறவன் என்னமும் நெனச்சுக்கிருவான்."

"பன்றி வந்தால்?"

கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னுட்டுப் போகட்டும்" என்றான்.

அவன் போனபிறகு கம்பை எடுத்துப் பார்த்தேன். பிடியில் புதுக் கயிறு. சுற்று நேராக இல்லை. இடது கையால் சுற்றியது.