கம்பம் நகர்ந்தது, குழாய் நகரவில்லை

அன்பு மச்சான்,

நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், சொல்லவேண்டியதை வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. சிரிக்காதீர்கள்.

1. எரிவாயுக் குழாயை நீங்கள் பார்த்துக்கொண்ட விதம்.
2. போன வாரம் ஒரு வயலில் நடந்தது.
3. உங்கள் வேலை உங்களோடு போய்விட்டது என்ற என் வருத்தம்.

முதலாவது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலக வரைபடங்களோடு வாழ்ந்தவன். நீங்களும் பொறியியல் படித்தவர்தான். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே குழாய் புதைந்த வழியெல்லாம் நடந்தீர்கள். ஒரு திட்டு மட்டும் பயிர் மஞ்சளானாலோ, தேங்கிய நீரில் குமிழி வந்தாலோ நின்றுவிடுவீர்கள். வீட்டு சிலிண்டர்போல இதிலும் வாசனை வரும் என்று நம்பி இருக்கக் கூடாது என்பீர்கள்.

வெடித்துவிடுமோ என்று ஒரு தீபாவளியன்று நான் பயந்து கேட்டேன். "வெடிச்ச குழாய விட, பொக்லைன் பல்லு கீறி, யாரும் சொல்லாம மூடுன குழாய்தான் மாப்ள எனக்கு பயம்" என்றீர்கள். கீறிய இடத்தில் பூச்சு போய், துருவேறி, இரும்பு மெலிந்து, என்றோ ஒருநாள் அழுத்தம் தாங்காமல் கிழியும். பிறகு ஒரு பொறி போதும். எத்தனை பேர் அந்தக் குழாயின் மேல் உழுதும் நடந்தும் வாழ்கிறார்கள்! இதைத் தெரிந்துகொண்டு உங்களால் எப்படித் தூங்க முடிந்தது?

இரண்டாவது. உங்கள் முதல் திதி முடிந்த மறுநாள், உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டு, நீங்கள் நடந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தேன். கோவிந்தன் என்பவருடைய வயலில் பண்ணைக்குட்டை வெட்ட பொக்லைன் வந்திருந்தது. குழாய்க்கு மேல் நிற்கவேண்டிய மஞ்சள் எச்சரிக்கைக் கம்பம் வரப்பில் நின்றது. ஒரு கம்பத்தை மட்டும் நம்பாதே, முன்னும் பின்னும் உள்ளதைச் சேர்த்துப் பார் என்பீர்களே, பார்த்தேன். மற்றவை எல்லாம் ஒரே கோடு. அந்தக் கோடு பொக்லைன் தோண்டப்போகும் இடத்தில் போனது.

என் கண் தப்பாக இருந்தால்? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஓட்டுநர் என்னை ஓரமாகப் போகச் சொன்னார். "கம்பம் அங்க கீது பெருசு, நான் இங்கதான நோண்டுறேன்."

கோவிந்தன் எதையும் மறைக்கவில்லை. உழும்போது டிராக்டருக்கு இடைஞ்சலாக இருந்ததாம். "புடுங்கிப் போட்டுடல சார். வரப்புல பதமா நட்டு வச்சிருக்கேன் பாருங்க." உண்மைதான். சாயாமல், அடியில் கல் கொடுத்து நட்டிருந்தார்.

எனக்குப் படபடப்பில் தடிமன், அழுத்தம் என்று என்னென்னவோ வாயில் வந்தது. யாருக்கும் புரியவில்லை. புல் அறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலைதான் நிமிர்ந்தார்.

"யோவ், கம்பத்த நவுத்துனா குழாயும் கூடவே நவுந்து வருமா? டீ குடிச்சிட்டுப் போவாரே ஒரு சாரு, அவுரு எப்பவும் கேப்பாருல்ல?"

சொல்லிவிட்டு, கருக்கரிவாளோடு போய் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டார். ஓட்டுநர் நிறுத்திவிட்டார்.

கம்பத்தில் எழுதியிருந்த எண்ணுக்கு நான் போன் செய்தேன். வந்தவர்கள் கருவி வைத்துத் தேடி, மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டினார்கள். அதே இடத்தில், இடுப்பளவு ஆழத்தில் குழாய். கீறல் இல்லை. குட்டைக்கு வேறு மூலை பார்த்தாயிற்று.

நீங்கள் காலமானதை அஞ்சலையிடம் சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்தார். "சக்கர ஜாஸ்தியா கேப்பாரு. வூட்ல சொல்லிடாதன்னுவாரு" என்றார். இதை நான் சொல்லித்தான் உங்கள் வீட்டு அக்காவுக்கே தெரியும். மன்னியுங்கள்.

கால் ஒத்துழைக்கும்வரை மாதம் ஒருமுறை அந்த வழியில் நடப்பேன். டீ கொடுத்தால் உட்கார்ந்து குடிப்பேன், குரல் நடுங்கினாலும் பேசுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

மூன்றாவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை மச்சான். அது தவறு.

உங்கள் தங்கையைக் கட்டிய,
பயந்த சுபாவமுள்ள மாப்பிள்ளை,
சபாபதி