தோர்ப் பக்கத்து டிஸ்க்

கராகோல்,
செப்டம்பர் 19

என் மகள் சல்கினுக்கு அப்பா ஜூமாதில் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், பசு சுகம், முட்டி மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ரொட்டியைப் பிய்க்கும்போது சொல்லிக்கொள்கிறேன். புருல் அத்தை நேற்று வந்திருந்தாள், மாசமாக இருக்கிறவள் ஒட்டகக் கறி தொடக் கூடாது, தொட்டால் பிள்ளை பன்னிரண்டு மாசம் உள்ளேயே உட்கார்ந்துவிடும் என்று உனக்கு எழுதச் சொன்னாள். கொரியாவில் ஒட்டகத்துக்கு அவள் எங்கே போவாள் என்று கேட்டேன், "சொல்றது என் கடமை, அப்புறம் உங்க பாடு"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். அவள் மாறவே மாட்டாள்.

போனில் பேசாமல் இந்தக் கிழவன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வருகிறது கண்ணு. பதினைந்து நாளாக நீ கேட்கும்போதெல்லாம் "பெட்டி ஜோரா ஓடுது, கவலைப்படாதே" என்று புளுகிக்கொண்டே இருந்தேன். பெட்டி ஓடவில்லை. நம் கேசட்டை எல்லாம் ஏற்றி, நீ பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்துவிட்டுப் போன அந்தக் கறுப்புப் பெட்டி, அதில் இருந்த இரண்டு டிஸ்க்கும், போய்விட்டது. போனதற்குக் காரணம் நான். உன் அம்மா முகம் அசைகிற ஒரே கேசட்டை, பிள்ளை பிறந்ததும் காட்ட வேண்டும் என்று நீ போன மாசம்கூடக் கேட்டாயே, அந்த ஏழு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவசரப்படாதே, எனக்கு முறையாகச் சொல்லித்தான் பழக்கம், முறையாகவே சொல்கிறேன்.

அந்த வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. சம்பளத்துக்குப் பதிலாக பஸ் டிப்போவில் மெக்கானிக்குகள் எங்களுக்கு இரும்பு வாளி கொடுத்த காலம். தெருவே டிவியை விற்று மாடு வாங்கிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா சைகால் எங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் ஒரு சீனாக்காரனிடம் கொடுத்துவிட்டு வீடியோ கேமராவோடு திரும்பி வந்தாள். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு வேராவின் நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டது. "இதுல பால் கறப்பியா?"ன்னு கேட்டேன். "கறந்து காட்டுறேன் பாரு"ன்னாள். காட்டினாள். அப்புறம் எங்கள் தெருவில் கல்யாணமா, பெயர் வைப்பதா, நடை பழகும் பிள்ளையின் காலில் கட்டின கயிற்றை அறுத்து ஓடவிடுகிற விழாவா, உன் அம்மா இல்லாமல் நடக்காது. கூலியாக ஆட்டின் பின்னங்கால் ஒன்று எப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். வேரா பெட்டி படுக்கையோடு ரஷ்யாவுக்குக் கிளம்பின நாளைக்கூட அவள்தான் எடுத்தாள், அழுதுகொண்டே எடுத்ததால் படம் முழுக்க ஆடும். எல்லாவற்றிலும் அவள் குரல் உண்டு, தள்ளி நில்லு, சிரி, நாயை விரட்டு என்று. முகம் மட்டும் கிடையாது. எடுக்கிறவள் முகத்தை யார் எடுப்பார்கள்? சுவரில் இருக்கிற போட்டோ மூன்றும் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு எடுத்தது மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், அது அவளே இல்லை.

நீ அந்த நாற்பத்து மூன்று கேசட்டையும் பெட்டிக்குள் ஏற்றினாய். ஒரு டிஸ்க்கில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்று சொன்னாய். அப்படியும் மூன்றாவதாக ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கணும், அத்தை வீட்டில் வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாய். நான்தான், எந்தத் திருடன் வந்து வேராவின் கல்யாணத்தைத் திருடப் போகிறான் என்று சிரித்தேன். அதோடு விட்டேனா? எல்லாம் பத்திரமாக ஏறிவிட்டதே என்று கேசட்டில் இருந்த நாடாவை எல்லாம் உருவிச் செர்ரி மரங்களில் கட்டிவிட்டேன், மைனா வராமல் இருக்க. அந்த வருஷம் செர்ரி நன்றாகக் காய்த்தது.

போன மாசம் பெட்டி டிக் டிக் என்று தட்ட ஆரம்பித்தது. நீ போனில் சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. அணைத்துத் தூசி ஊதினேன். கம்பிகளைக் கழற்றி மாட்டினேன், புதுக் கம்பியும் போட்டுப் பார்த்தேன், சில சமயம் கம்பிதான் பொய் சொல்லும் என்றாய். மெத்தை அடுக்கின் மேல், பூவேலை போட்ட துணியால் மூடி மரியாதையாக வைத்திருந்தேன், அதுதான் சூட்டுக்குக் காரணம் என்று நீ திட்டினதும் இறக்கி, பக்கச் சுவரோரம் இரும்புப் பெட்டி மேல் வைத்தேன். அத்தை திருஷ்டி கழிய ஜூனிப்பர் தழைப் புகை போடுகிறேன் என்று தட்டோடு வந்தாள், வாசலிலேயே விரட்டிவிட்டேன். அப்படியும் தட்டல் நிற்கவில்லை. டிப்போவில் என்ஜினுக்குச் செய்வது போல ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், தகரம் முழுக்க ஒரே சத்தம், எது நோயாளி என்று பிரியவில்லை. விளக்கைப் பார்த்தால் தெரியும் என்பாய். அது கண்ணைக் குத்துகிறது என்று எப்போதோ கறுப்பு டேப் ஒட்டினது நான், அதையும் மறந்துபோனவன் நான். அந்த வாரம் பார்த்துத் தெருவில் குழாய்க்குத் தோண்டினவன் இன்டர்நெட் கம்பியையும் வெட்டிவிட்டான், நீ அங்கிருந்து பார்க்கவும் வழியில்லை. கம்பி அறுவதற்கு முன்னால் பெட்டி உனக்கு அனுப்பின சேதியை வைத்து, "ஒண்ணாம் நம்பர் டிஸ்க்தான் சாகுதுப்பா, அதை எடுத்துட்டு நான் அனுப்பின புதுசைப் போடுங்க" என்றாய்.

ஒண்ணாம் நம்பர். நம் வீட்டில் எதை எண்ணினாலும் எங்கிருந்து எண்ணுவோம் சொல்லு? வாசலுக்கு எதிரே, பெரியவர் உட்காருகிற தோரிலிருந்துதானே. விருந்தில் முதல் எலும்பு தோருக்குப் போகும், அங்கிருந்து இறங்கி இறங்கி வாசலுக்கு வரும். அறுபது வருஷமாக அப்படி எண்ணின கை. பெட்டி நின்ற இடத்தில் தோர் வலது பக்கம். நான் வலது பக்கத்து டிஸ்க்கை உருவிவிட்டு அங்கே புதுசைச் செருகினேன். எந்த ஊரிலோ செய்த பெட்டிக்குத் தோர் ஏது, அது இடமிருந்து எண்ணுகிறது. நல்லதை எடுத்துவிட்டுச் சாகிறதை உள்ளே விட்டுவிட்டேன் கண்ணு.

அதோடு நின்றிருந்தால்கூட மறுபடி செருகியிருக்கலாம். ஆனால் செத்த சாமானை வயிறு கிழித்துப் பார்க்காமல் எறிகிற மனுஷனா உன் அப்பன்? அன்றைக்கே மேஜையில் வைத்துத் திறந்துவிட்டேன். உள்ளே தகடு பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு ஊசிக் கை அதன் மேல் நீண்டிருந்தது. இவ்வளவு அழகான சாமான் ஏன் செத்தது என்று வருத்தப்பட்டு, கையை வளைத்துக் கழற்றி, தகட்டை வோட்காவில் நனைத்த துணியால் துடைத்து ஜன்னலில் வைத்தேன். வெயில் பட்டதும் கூரை முழுக்க வெளிச்சம் ஆடியது.

உள்ளே பெட்டி, சாகிற டிஸ்க்கைப் படித்துப் புதுசில் எழுதப் போராடியிருக்கிறது, பாவம். இரண்டாம் நாள் டீயோடு உட்கார்ந்து உன் அம்மா கேசட்டைப் போட்டால் எதுவும் வரவில்லை. சந்தை முனையில் போன் ரிப்பேர் பார்க்கிற, சீன வம்சத்து டுங்கன் பெண் ஹாலிச்சாவிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் உடனே அணைத்துவிட்டு, "கழட்டின பழசு எங்க பைகே?" என்று கேட்டாள். அண்ணன் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள் அதுவரை. நான் பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெட்டி தன் நோயாளி இன்னார் என்று ஒரு நீள நம்பரை எழுதி வைத்திருக்கிறதாம், அந்த நம்பர் டிஸ்க்கின் முதுகிலும் இருக்கும், எண்ணிக்கையை நம்பாமல் அதைத்தான் பார்க்க வேண்டுமாம். அவள் இரண்டையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நல்லா இருந்த ஆளை அறுத்துட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிட்டியேய்யா, நீ மெக்கானிக்கா கசாப்புக்காரனா?" என்றாள்.  வேறு யாராவது கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு.

நோயாளியை ஆற வைத்து, தன் மெஷினில் மாட்டி, "இது எப்ப நிக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும், ஒவ்வொண்ணா எடுக்கிறேன், எது முதல்ல வேணும், சொல்லு" என்றாள். சல்கின், இங்கேதான் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் வாய் தானாகச் சொன்னது. தெருப் பெரியவர்களின் விருந்து முதலில், அப்புறம் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணங்கள், வேரா கிளம்பின நாள், பிள்ளைகளின் கயிறு அறுப்பு, உன்னுடையதும் அதில். நம்முடையது கடைசியில் என்றேன். விருந்தாளி சாப்பிட்ட பிறகுதானே வீட்டுக்காரர் கை நனைப்பார், அது ஒரு வழக்கமா, ரத்தம். ஹாலிச்சாகூட, "உனக்குன்னு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். இருக்கு, அது வீட்டு விஷயம், பொறுக்கும் என்றேன். காலை பத்துக்கு ஆரம்பித்தது, அவள் எனக்குக் குளிர்ந்த அஷ்லியான்ஃபூ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் முப்பத்தொன்று வந்துவிட்டது. அப்புறம் டிஸ்க் தட்டுவதை நிறுத்தி, பல்லைக் கடிப்பது போலக் கறகறவென்று ஒரு சத்தம் போட்டது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். தகட்டையே சுரண்டிவிட்டது, சுரண்டின இடத்தில் இருந்தது இனி மாவு, எந்த ஊருக்கு அனுப்பினாலும் வராது என்றாள். மீதிப் பன்னிரண்டில் பதினொன்றுக்கு நான் அழ மாட்டேன், அதில் ஒன்று மூடியைக் கழற்றாமலே எடுத்த குதிரைப் பந்தயம்.

பன்னிரண்டாவதை எழுதி வைக்கிறேன். தினமும் பார்த்தவன், இப்போதே எழுதாவிட்டால் நானும் சுரண்டிப் போவேன். என் நாற்பதாவது பிறந்தநாள் விருந்து. நம் முற்றம், கொப்பரையில் அவள் போர்சோக் ரொட்டித் துண்டு பொரிக்கிறாள், கேமராவைப் பெஞ்சில் வைத்திருக்கிறாள். ஐந்து வயசுச் சல்கின் அதைத் தூக்குகிறாள். முதலில் வானம், அப்புறம் என் பூட்ஸ், உன் அம்மா அந்தப் பூட்ஸைப் பார்த்து "உப்பு கொண்டா, சும்மா நிக்காதே" என்கிறாள். அப்புறம் கீழேயிருந்து அவள் தாடை, முழங்கை வரை மாவு. உன்னைப் பார்த்துவிட்டு, "அடியே, கீழ வைடி அதை, ஒரு மாடு போயிருக்கு அதுக்கு!" என்கிறாள். நீ வைக்கவில்லை. சூடாக ஒரு போர்சோக்கை ஊதி உன் பக்கம் நீட்டுகிறாள், லென்ஸில் மாவு அப்பிக்கொள்கிறது, இடுப்பில் கட்டின துணியால் துடைக்கிறாள், துடைக்கும்போது முகம் முழுசாக வருகிறது. உடைந்த பல் தெரியச் சிரிக்கிறாள். "போதும்டி, என்னை எடுத்து என்ன பண்ணப் போற? விருந்தாளிங்க வந்துட்டாங்க, போய் அவங்களை எடு" என்கிறாள். அவ்வளவுதான் கேசட். அவள் உயிரோடு இருந்தவரை அவள் சொன்னது ஒன்றையும் நான் கேட்டதில்லை, ஹாலிச்சா கடையில் கேட்டுவிட்டேன் பார்.

எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை, நீ என்னைத் திட்டு, ஆனால் மூச்சு வாங்காமல் உட்கார்ந்துகொண்டு திட்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி. வழி வெளிச்சமாக இருக்கட்டும், பிரசவம் வெண்ணெயில் கத்தி போல நடக்கட்டும், பிள்ளை நூறு வயசு காணட்டும், ஓமின். ஒன்றே ஒன்று மறக்காதே. அவள் தலையில் கட்டியிருந்த துணி நீலம் என்கிறேன் நான், பச்சை என்கிறாள் அத்தை. கேமராவைப் பிடித்தவள் நீ, அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவள் நீ. நான் எழுதினதில் எது தப்பு, எது விட்டுப்போனது என்று உன் கையால் எழுதி அனுப்பு, பிள்ளை வருவதற்குள்.

உன்னைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிடும்,
உன் அப்பா
ஜூமாதில்