நாங்கள் மூன்று குடித்தனமும் வாடகைதாரர்களே

அனுப்புநர்:
மாடி வீட்டுச் செய்தியாளர்,
(கீழ்வீட்டுத் தையற்கார அம்மாவுக்கும் பின்கட்டு ஓட்டுநர் குடும்பத்துக்குமாகச் சேர்த்து)
பழைய எண் பதினொன்று, தண்ணீர்த்தொட்டிச் சந்து.

பெறுநர்:
வாடகைக் குடியிருப்பு அலுவலர் அவர்கள்,
நகர அலுவலகம்.

பொருள்: வீடு விற்பனையானதில் இரண்டு குடித்தனங்கள் உரிமையாளரின் உறவினர் எனத் தவறாகக் குறிக்கப்பட்டது – வாடகைதாரராகப் பதிவு செய்து அவகாசம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் உள்ள வீடு விற்கப்பட்டுவிட்டது. பதிவு அலுவலகத்தில் கடந்த திங்கட்கிழமை பத்திர நகல் பெற்று இதை உறுதி செய்துகொண்டேன். நகலின்படி இந்த வீட்டில் வாடகைதாரர் ஒருவர் மட்டுமே, அது நான். கீழ்வீட்டில் இருக்கும் தையற்கார அம்மாவும், பின்கட்டில் இருக்கும் பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் விற்பவரின் உறவினர்கள் என்றும், மாத இறுதிக்குள் காலி செய்துவிடுவார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் உறவினர்கள் அல்லர். என்னைப் போலவே மாதாமாதம் வாடகை கொடுத்து வருபவர்கள். வாடகைதாரருக்கு விதிகள் தரும் ஆறு மாத அவகாசம் எனக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை என்றாகியிருக்கிறது. அதைச் சரிசெய்யக் கோரியே இந்த மனு.

2. தவறு நேர்ந்த விதத்தைச் சொல்ல, வீடு நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் மரக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு, முன் அறையைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியை வாடகைக்கு விட்டார். நான் பெட்டியோடு வந்த முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்: "தம்பி, வாடகைக்காரன், குடியிருக்கிறவன், அந்தப் பேச்செல்லாம் இங்க வேணாம். யாராவது கேட்டா நம்ம வீட்டு ஆள்னு சொல்லு." வாடகையைக் கையில் வாங்க அவருக்குக் கூச்சம். சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வேறு ஏதாவது பேசிக்கொண்டே வந்துவிட வேண்டும். ரசீது கேட்பது அவரை அடிப்பது போல. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

காலையில் என் செய்தித்தாளை என்னை முந்திக்கொண்டு படிப்பவர் அவர்தான். முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "மூணாம் பக்கத்துல பலத்த மழைன்னு போட்டிருக்கியே, எந்த ஊர்ல பெஞ்சுது? என் துணி காஞ்சு கிடக்கு!" கீழே தையல் இயந்திரம் நின்றுவிடும், தையற்கார அம்மா சிரித்து முடித்த பிறகுதான் மறுபடி ஓடும். பல்லாண்டுகள் என் செய்திகளுக்குக் கிடைத்த மிகக் கண்டிப்பான மேற்பார்வை அதுதான். இப்போது காலையில் செய்தித்தாளை நானே முதலில் பிரிக்கிறேன். அது நன்றாக இல்லை.

3. ஓட்டுநரின் மனைவி இந்த வீட்டுக்கு வரும்போது அவருக்குப் பார்வை இருந்தது. இங்கே இருந்த காலத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். பார்வை மங்கத் தொடங்கியபோது வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல், பின்கட்டிலிருந்து குழாயடி வரை சுவரோரம் ஒரு கயிறு கட்டினார். பிறகு அதை எடுத்துவிட்டுத் தன் கடையிலிருந்து மரம் கொண்டுவந்து கைப்பிடி அடித்தார். அது எங்கே திரும்புகிறதோ அங்கெல்லாம் ஓர் ஆணித்தலையை வெளியே தெரியும்படி விட்டார். "கை பட்டா தெரியணும்ல" என்றார். குழாயடியில் வாளியை யார் எங்கே வைப்பது என்று எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. அதை மீறி ஒரு வாளி நடுவில் இருந்தால் தையற்கார அம்மா சத்தம் போட்டு வீட்டையே திரட்டிவிடுவார். ஓட்டுநரின் மனைவி இந்த வீட்டுக்குள் தானாகவே சமைக்கிறார், துவைக்கிறார், மாடிக்கு ஏறி வந்து என் மனைவியோடு வம்பளக்கிறார். தெருவில் கணவரின் தோள் இல்லாமல் நடப்பதில்லை.

4. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்காரருக்கு உடல்நலம் குன்றியது. மகள் தன் ஊருக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு வாடகை வங்கி வழியே போகிறது. ஓட்டுநருக்கு நேரம்கெட்ட வேலை, தையற்கார அம்மாவுக்கு வங்கிக் கணக்கே ஒத்துவராது. எனவே மூன்று குடித்தனத்தின் வாடகையும் என் கணக்கிலிருந்து ஒரே தொகையாகப் போயிற்று. வங்கிக் காகிதத்தில் என் பெயர் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

5. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர்கள் சிலர் வருவார்கள், வீட்டைக் காட்டுங்கள் என்று மகள் தொலைபேசியில் சொன்னார். விற்பனை என்று சொல்லவில்லை. வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் என்று நினைத்து, நாங்கள் முற்றம் கழுவினோம். தையற்கார அம்மா முன் அறைக்குப் புதுத் திரை தைத்து மாட்டினார். வந்த தம்பதியை வீடு முழுக்க அழைத்துப் போனவர் ஓட்டுநரின் மனைவி. எந்த ஜன்னலில் காற்று வரும், எந்தச் சுவர் வெயிலுக்குச் சுடாது, எந்தக் கதவு மழையில் உப்பும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "இந்தப் படி மட்டும் உயரம் ஜாஸ்தி, பாத்து வாங்க" என்று அவர்தான் எச்சரித்தார். அவருக்குக் கண் தெரியாது என்பதே வந்தவர்களுக்குத் தெரியவில்லை. புறப்படும்போது வந்த தம்பதியில் அந்த அம்மாள், "நீங்க வாடகைக்கா இருக்கீங்க?" என்று கேட்டார். "வாடகையா? நாங்க இந்த வீட்டு ஆளுங்க!" என்று ஓட்டுநரின் மனைவி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எங்களில் யாரும் மறுக்கவில்லை. எங்களுக்கு அது பழகிய பதில். உண்மையைச் சொன்னால், பெருமையான பதில்.

பத்திரத்தில் ஏறியது அந்தப் பதில்தான்.

6. வாங்கியவர் மீது எனக்குக் குறை இல்லை. தொலைபேசியில் அவர் சொன்னது: "சார், நாங்க யாரையும் ஏமாத்தல. அந்தம்மாவே சொன்னாங்க, உங்க மகளும் சரின்னாங்க." வீட்டுக்காரர் மகளை அவர் என் மகள் என்று எடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. வங்கிக் காகிதத்துக்காக என்னை மட்டும் வாடகைதாரர் என்று எழுதிக்கொண்டாலும், நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்றே அவர் கடைசி வரை நம்பியிருக்கிறார். எனக்கு அவகாசம் தருவதில் ஆட்சேபம் இல்லை என்றும், மற்ற இரு குடித்தனங்களுக்கும் அலுவலர் உத்தரவிட்டால் மட்டுமே முடியும் என்றும் கூறினார்.

பத்திர விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓட்டுநரின் மனைவி அதிகம் பேசுவதில்லை. "என் வாய்தான் எல்லாரையும் தெருவுல நிறுத்துது" என்கிறார். "போடி, நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமா" என்று தையற்கார அம்மா அதட்டிப் பார்த்தார். பலனில்லை.

7. நாங்கள் இந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கக் கேட்கவில்லை. வீடு விற்கப்பட்டது செல்லும். ஆனால் கண் தெரியாத ஒருவர் ஒரு வீட்டைக் கையால் கற்றுக்கொள்ளக் காலம் வேண்டும். புதிய இடத்துக்கு முன்கூட்டியே பலமுறை போய்ப் பழக வேண்டும். கைப்பிடி அடிக்க வேண்டும். மாத இறுதிக்குள் அது நடக்காது. எனவே இரு குடித்தனங்களையும் வாடகைதாரராகப் பதிவு செய்து, எனக்குள்ள அதே அவகாசத்தை அவர்களுக்கும் வழங்க வேண்டுகிறேன். இருவர் பங்கும் என் வழியே சென்றது உண்மை என நான் எழுத்தில் உறுதி கூறுகிறேன். அது பொய் என்று தெரிந்தால் எனக்குள்ள அவகாசத்தையும் நீக்கிவிடலாம்.

8. நிலுவையில் இருப்பவை இரண்டு. இவர்கள் வாடகைதாரர்கள்தான் என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கித் தரும்படி மகளிடம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் இப்போது சில நாள் தெளிவாகப் பேசுகிறார், சில நாள் பேசுவதில்லை. வியாழக்கிழமை மாலைக்குள் முடிந்தது, முடியவில்லை என்று ஏதாவது ஒரு பதில் தருவதாக மகள் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, ஓட்டுநர் ஊருக்கு வெளியே ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறார். மூன்றாம் மாடி, பிடியில்லாத படிக்கட்டு. தரகர் சனிக்கிழமை வரை காத்திருப்பார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை; இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டவும் இல்லை. தங்கள் முடிவு வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்கிறார்.

இடம்: தண்ணீர்த்தொட்டிச் சந்து
நாள்: மார்ச் 12

இப்படிக்குத் தங்கள் முடிவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) மாடி வீட்டுச் செய்தியாளர்
(ஒப்பம்) கீழ்வீட்டுத் தையற்கார அம்மா
(ஒப்பம்) பின்கட்டு ஓட்டுநர்
(ஒப்பம்) ஓட்டுநரின் மனைவி

குறிப்பு: கடைசிக் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது. யாரும் கைபிடித்து எழுதவில்லை; அவரே போட்டது.