மூன்றாவது மணிக்குள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம். முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை, துணி காயப்போட மாடிக்கு ஏறும்போது மட்டும் அந்தப் படிகளை நான்தான் கட்டினேன் என்பதுபோல என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். நானும் உடம்பளவில் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் ஆசை, ஆனால் அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். பக்கத்து வீட்டுக்காரரின் மருமகன் நாளை உன் ஊருக்குக் கிளம்புகிறார், இறங்கியதும் உன் கையில் நேராகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார், அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் பரவாயில்லப்பா என்று நீ சொல்லிவிடுகிறாய். இந்த முறை நீ பரவாயில்லை சொல்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்கிறார், அவருடைய நாளை எப்போது விடியும் என்று தெரியவில்லை. சித்தப்பா வந்திருந்தார், அந்த ஏமாற்றுக் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டதிலிருந்து போன் என்றாலே மிரள்கிறார், சித்தி கூப்பிட்டால்கூட நீ சித்திதானா என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாராம். உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். ஜன்னலுக்குப் புது வலை அடித்தேன், கட்டிலைச் சுவர்ப் பக்கமிருந்து வெளிச்சம் வரும் பக்கமாக இழுத்துப் போட்டேன், புதுத் தலையணை ஒன்றும் வாங்கினேன். எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டாள். சும்மாதான் என்றேன். சும்மா இல்லை, அதுதான் இந்தக் கடிதமே.

சித்தப்பா ஏமாந்த பிறகு நீ எங்களுக்கு வகுப்பெடுத்தது நினைவிருக்கும். கம்ப்யூட்டர் சப்போர்ட்டிலிருந்து பேசுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் திருட்டுப் பயல்கள்தான், பதில் பேசாதீங்க, கட் பண்ணிடுங்க என்றாய், அம்மாவை ஒப்பிக்கக்கூட வைத்தாய். அப்புறம் வேலை தேடி வெளிநாடு போன இடத்தில் உன் போன் தொலைந்து நம்பர் மாறியது. பழைய நம்பரைப் போட்டே வேலை விண்ணப்பமெல்லாம் அனுப்பிட்டேம்பா, நல்லவேளை உங்க நம்பரும் அதுல இருக்கு, யாராவது கூப்பிட்டா என் புது நம்பரை மட்டும் குடுத்துடுங்க போதும் என்றாய். ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை போன் எடுத்தே சம்பளம் வாங்கிய ஆள் நான். மணி மூன்றாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், அந்தப் பக்கம் யாருக்கு என்ன அவசரமோ, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேதம். சாப்பாட்டு நேரத்தில்கூட வாயில் இருப்பதை விழுங்காமல் எடுத்திருக்கிறேன். நம்பர் கொடுக்கிற வேலையெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் நீளமான ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல். கம்ப்யூட்டர் சப்போர்ட் என்று அவள் சொன்னதுதான் தாமதம், என்ன செய்தேன், எப்படித் திட்டினேன் என்று அம்மா உனக்குச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களிடம் கற்ற ஆங்கிலம் அத்தனையையும் அன்றைக்கு அவளிடம் இறக்கிவிட்டேன். கட் பண்ணிவிட்டுச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், மகள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்துவிட்டேன் என்று. அம்மா துணி மடித்துக்கொண்டே, ஏங்க, நம்ம பொண்ணு தேடுற வேலையும் அதுதானே என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருப்பிக் கூப்பிடுங்க என்று சொல்லிப் பார்த்தாள். அவங்களுக்கு வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், திட்டிய வாயால் எப்படிப் போய்க் கேட்பது. இதுவரைக்கும் உனக்குத் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாய், நான் சொன்னதைத்தானேப்பா செஞ்சீங்க என்று என் மேல் பழியே வராமல் பார்த்துக்கொண்டாய்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. மறுநாள் அதே நம்பரிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அம்மா மாடியில் இருந்தாள். நான் உன் அறையில் அந்த ஜன்னல் வலைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், போன் உன் கட்டில் மேல் கிடந்தது. மணி நன்றாகவே கேட்டது. நம்பரைப் பார்த்தேன். யாரென்று தெரிந்தது, எதற்கென்றும் தெரிந்தது. கை போனை எடுக்கப் போனது. போய் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது மணி அடித்தது, அதற்கு மேலும் அடித்தது, நான் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அடித்து ஓய்ந்ததும் மிச்ச ஆணியை அடித்தேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ சொன்னாய், இந்த மாசக் கடைசிக்குள்ள எதுவும் அமையலன்னா திரும்பி வந்துடறேம்பா, முடியல, எல்லாரும் இந்த ஊர்ல வேலை பார்த்த அனுபவம் இருக்கான்னுதான் கேக்குறாங்க என்று. இப்போதைக்குப் பார்க்கிற கிடங்கு வேலையில் பெட்டி இறக்கி முதுகு பிடித்துக்கொண்டது என்றும் சொன்னாய். மனசைத் தளரவிடாதே, நிச்சயம் கிடைக்கும் என்று நான் வாயால் சொன்னேன். உள்ளுக்குள் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. போனை வைத்ததும் ஆணி வாங்கத்தான் போனேன். நீ தோற்றால்தான் வருவாய் என்று தெரியும், தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். பெற்றவன் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பான், நான் தலையணை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது, ஆனாலும் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதப்போவதில்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னை அரிக்கிறது. புதன்கிழமை நீ அம்மா போனுக்குக் கூப்பிட்டு, நான் திட்டிய கதையை அவள் சொல்லக் கேட்டுச் சிரித்து முடித்ததும், அவங்க திரும்பக் கூப்பிட்டாங்களா என்று என்னிடம் கேட்டாய். என் வாயிலிருந்து பொய் எப்படித்தான் அவ்வளவு சுளுவாக வந்ததோ, என் போன்ல ரெண்டு நாளா மணிச் சத்தமே கேக்கலம்மா, ஏதோ கோளாறு என்றேன். அத்தோடு விடுவாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை. உன் தொழில் அது. பதட்டப்படாதீங்கப்பா, பக்கத்துல வச்சுக்கோங்க, நான் சொல்றதை மெதுவா ஒண்ணொண்ணா பண்ணுங்க என்று ஆரம்பித்தாய். அணைத்துப் போடச் சொன்னாய், சிம் கார்டை எடுத்துத் துடைத்துப் போடச் சொன்னாய், சத்தத்தை நிறுத்துகிற ஓரத்துப் பொத்தான் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று கேட்டாய். நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒன்றையுமே தொடாமல், ம், பண்ணிட்டேன், ம், ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிடங்கு வேலை முடிந்து சாப்பிடாமல் பேசுகிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நடுவில் நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், நீ கோபப்பட்டுத் திட்டினால் நன்றாக இருக்குமே என்று. பரவாயில்லப்பா, எல்லாருக்கும் அது குழப்பும், மறுபடி முதல்லேருந்து போலாம் என்றாய். கடைசியில் உன் போனிலிருந்து என் போனுக்கு அடித்து, கேக்குதாப்பா என்றாய். கேக்குதும்மா என்றேன். அந்தப் பக்கம் நீ கை தட்டினாய்.

உடனே, மிஸ்டு கால்ல நம்பர் இருக்கா பாருங்கப்பா என்றாய். படித்துச் சொன்னேன். நீ அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது, முந்தின நாள் சாயங்காலமே வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அவசரமாக ஆள் தேவைப்பட்டதால்தான் மெயில் போட்டுக் காத்திருக்காமல் போனிலேயே வரிசையாகக் கூப்பிட்டார்களாம், யார் எடுத்தார்களோ அவர்களுக்குப் போய்விட்டது. அதை என்னிடம் நீ சொன்ன விதம் இருக்கிறதே, எனக்கு வருத்தமாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாய். போன் பழுதானதுக்கு நீங்க என்னப்பா பண்ணுவீங்க என்றாய். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. எழுந்து போய் உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள், நாலு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். அதே பெண்தான் எடுத்தாள், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. போன வாரம் உங்களைத் திட்டிய ஆள் நான்தான் என்றேன். நாங்க தினமும் நிறையப் பேர்கிட்ட திட்டு வாங்குறோம், ஆனா நீங்கதான் இலக்கணத்தோட திட்டினீங்க என்றாள். மன்னிப்புக் கேட்டேன். என் மகளே சொல்லிக் கொடுத்ததுதான் என்று விஷயத்தைச் சொன்னேன், சிரித்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் சிரித்த பிறகு நிறுத்த முடியவில்லை, மறுநாள் நீங்கள் கூப்பிட்டபோது எனக்குக் கேட்டது, நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை, மகள் பேரில் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் ஏதோ காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு இடம் காலியாகப் போகுது, அவங்களைப் பேச வரச் சொல்றேன், ஆனா வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்றாள். உன் புது நம்பரைக் கேட்டாள், ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை சொன்னேன். அப்புறம், இதெல்லாம் உங்க மகளுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். என்கிட்ட பேச வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க என்றாள்.

மறுநாளே உனக்கு அழைப்பு வந்தது, வரும் வியாழக்கிழமை நேரில் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று துள்ளினாய். அவங்களே ஞாபகம் வச்சுக் கூப்பிட்டாங்கப்பா என்றாய். கேட்டுக்கொண்டே வந்தவன் நீ கடைசியாகச் சொன்னதில் ஆடிப்போய்விட்டேன். இந்த ஊர் அனுபவம் இருக்கான்னு கேட்டா நான் உங்க போன் கதையைத்தாம்பா சொல்லப்போறேன், பதட்டமா இருந்த ஒருத்தரோட போனை, கண்ணால பார்க்காம, கடல் தாண்டி உட்கார்ந்து சரி பண்ணேன், இதைவிட நல்ல உதாரணம் என்கிட்ட இல்ல என்றாய்.

அதைச் சொல்லிவிடாதே கண்ணு. எதிரே உட்காரப் போகிறவளுக்கு அந்தப் போன் பழுதாகவே இல்லை என்று தெரியும். நீ பொய் சொல்கிறாய் என்று அவள் நினைக்க மாட்டாள், ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த நிமிஷமே புரிந்துகொள்வாள், நீ பேசப் பேச அவள் உன் முகத்தைப் பரிதாபமாகப் பார்ப்பாள். ஒரு தடவை உன் வேலையைக் கெடுத்தேன், இன்னொரு தடவை உன்னை அசடாக்கிப் பார்க்க என்னால் முடியாது. இங்கே இருந்தபோது காலேஜ் ஆபீஸில் நீ பார்த்த வேலையைச் சொல், பரீட்சை அன்று காலையில் பிரிண்டர் எல்லாம் நின்றுபோனபோது சமாளித்தாயே, அதைச் சொல். அது நிஜம்.

கோபம் வந்தால் வரட்டும், அடக்கி வைக்காதே. கூப்பிட்டுத் திட்டு. நீ இதுவரை என்னைத் திட்டியதே இல்லை, எப்படித் திட்டுவாய் என்றுகூட எனக்குத் தெரியாது. பேசப் பிடிக்காவிட்டால் அம்மா போனுக்குக் கூப்பிடு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். வேலை கிடைத்தால் ஏற்றுக்கொள், எங்களைப் பற்றி யோசிக்காதே. கிடைக்காமல் நீ திரும்பி வந்தால் அறை இருக்கிறது, ஆனால் அந்தத் தலையணையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அது நீ தோற்பதற்காக நான் வாங்கியது. நீ எப்படி வந்தாலும் உனக்கு வேறு வாங்குகிறேன்.

வியாழக்கிழமை வயிற்றைக் காயப்போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போ. முதுகை நிமிர்த்தி உட்கார், கிடங்கில் குனிந்து குனிந்து உனக்குக் கூன் விழுகிறது என்று அம்மா வீடியோவில் பார்த்துச் சொன்னாள், அவளுடைய ஆசீர்வாதத்தையும் சேர்த்தே எழுதச் சொன்னாள். நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், இந்த முறை வாயும் மனசும் ஒன்றாகவே சொல்கிறேன். போன் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, சத்தத்தை முழுக்க வைத்திருக்கிறேன். உனக்கு மனசு வரும்போது கூப்பிடு. முதல் மணியிலேயே எடுப்பேன்.

இப்படிக்கு,
மணி கேட்டும் எடுக்காத
உன் அப்பா