ஓடும் என்ஜினுக்கு அடியில்

12-8-86, செவ்வாய்

கண்ணை மூடினால் பிளேடு சுற்றுகிறது.

மாதா திருவிழாவுக்குள் கோயில் மைதானத்துப் புல்லை வெட்டியாக வேண்டும். சின்ன டிராக்டரின் வயிற்றுக்கடியில் புல்வெட்டும் தட்டை மாட்ட, அக்கா புருஷன் அந்தோணி மாமா படுத்து உள்ளே நுழைந்தார். நான் சீட்டில் இருந்தேன். பேட்டரி செத்துப்போனது. அணைத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதனால் என்ஜினை ஓடவிட்டே மாட்டுவது எங்கள் பழக்கம்.

"பெல்ட்டு மாட்டியாச்சு, பின்னு குடு மச்சான்" என்று வெளியே வந்து கை நீட்டினார். எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். பிளேடை ஓடவிடும் லீவரில் முழங்கால் இடித்தது. ஒரு நிமிஷம் முன்பு அவர் படுத்திருந்த இடத்தில் பிளேடு விர்ரென்று சுழன்றது.

பாதியில் விட்டுவிட்டு வந்தோம். அக்காவிடம் இருவரும் சொல்லவில்லை. அந்தக் கையால் மாமா சோறு பிசைந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "பயந்துக்கினு இருந்தா வேலை ஆவுமா? நாளிக்கு நீ கீழ படு, நான் மேல குந்திக்கிறேன்."

தலையாட்டிவிட்டேன்.

மாமாவுக்கு என்னைவிட நீளமான கால்.