டங்கனுக்கு வைத்த தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு கலேசிதா எழுதுவது. மூட்டுவலி தேவலையா? கர்த்தர் கிருபையால் நான் நலம்.

இங்கே ஆக்லாந்தில் ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் நம் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிப் பேச, எங்கள் துறைத்தலைவர் டங்கனை நம் டோங்கா சபைக்கு அழைத்துப்போனேன். நன்றாகத்தான் பேசினார். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். எல்லோர் முகமும் வாடிவிட்டது. லோசேலி அக்கா மட்டும் சேம்பிலையில் பொதிந்த இறைச்சியையும் பெருவள்ளிக்கிழங்கையும் ஒரு தட்டில் வைத்து மூடி, "பாவம், பசியோட போயிட்டாரு. நாளைக்கு மறக்காம குடுத்துரு" என்றார்.

கொடுத்தேன். "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது, நீயே சாப்பிடு. எத்தனை பேர் சேர்றாங்க?" என்றார் டங்கன். என் மேசையில் தனியாக உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். உங்கள் கைமணம் இருந்தது.

மறு ஞாயிறு அக்கா கேட்டபோது, "மிச்சம் வைக்காம சாப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். "நம்ம கையால சாப்பிட்டவரு நம்ம புள்ளைங்கள விட்டுருவாரா?" என்று சொல்லி, தன் மூன்று பிள்ளைகளுக்கும் அங்கேயே படிவம் நிரப்பிக் கொடுத்தார்.

ஒரு புட்டி தேங்காய் எண்ணெய் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை. பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். தட்டைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன் அம்மா. திருப்பிக் கொடுக்கத்தான் கால் வரமாட்டேன் என்கிறது.

கலேசிதா